சப்வே வேலையை வேடிக்கை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

நம்மூர் ரயில்வே கேட்டடியில் சப்வேக்கு அளவெடுக்க ஆட்கள் வந்ததிலிருந்து, காலேஜ் போகும் பிள்ளைகள் சிலர் செல்போனும் கையுமாக அங்கே நிற்பதைப் பார்க்கிறேன். சந்தோஷம். நான் இன்ஜினியர் இல்லை. தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். தபால் பையோடு சைக்கிளில் சாய்ந்தபடி கேட் திறக்கக் காத்துக் கிடந்த காலத்தில் பிடித்த பைத்தியம் இது. இந்த லைனில் மேலேயோ கீழேயோ எந்த கேட்டைத் தோண்டினாலும் போய் நின்றுவிடுவேன். வேலையற்ற வேலை என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் பெட்டி தண்டவாளத்துக்கு அடியில் போகும் அந்த ஒரு ராத்திரிக்குத்தான் கூட்டம் கூடும். ஆனால் அது பெரும்பாலும் சரியாகவே நடந்துவிடும். ரயில்வேக்காரர்களுக்குக் கைவந்த வேலை அது. ஒரு சப்வே ஊருக்கு உதவியா உபத்திரவமா என்பதை முடிவு செய்வது, முன்னும் பின்னும் யாரும் நின்று பார்க்காமல் நடக்கிற வேலைகள். அதிலும் தண்ணீர். பார்வையாளனால் ஊருக்குப் பிரயோசனம் உண்டென்றால் அங்கேதான்.

1. கேட் இருக்கும்போதே கேட்டைப் படியுங்கள்.

சப்வே வந்ததும் முதலில் காணாமல் போவது கேட்தான். அதற்குப் பிறகு, முன்பு எப்படி இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனவே இப்போதே எழுதி வையுங்கள். கேட் நம்பர் பலகையில் இருக்கும். பக்கத்தில் நிற்கும் மின்கம்பத்தைப் பாருங்கள். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பது கிலோமீட்டர், கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் அந்தக் கம்பத்தின் வரிசை. ரயில்வே காகிதங்களில் நம் ஊர்ப் பெயர் எழுத்துப்பிழையோடு வந்தாலும் வரும், கிலோமீட்டர் தவறாது. டெண்டரில் தேடுவதற்கும் மனுப் போடுவதற்கும் அதுதான் முகவரி.

அடுத்து எண்ணிக்கை. ஒரு நாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையை, அதே நாளில் கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவதை டி.வி.யு. என்பார்கள். நாளுக்கு 40 ரயில், 2,500 வண்டி என்றால் ஒரு லட்சம். மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பங்கிட்டுப் பாலம் கட்டும் பேச்சு பல காலமாக அந்த ஒரு லட்சத்தைச் சுற்றியேதான் நடந்து வந்திருக்கிறது. கணக்கெடுப்பை ரயில்வே தனியே நடத்தும். சைக்கிள், மாட்டு வண்டி, பஸ் எல்லாவற்றுக்கும் அவர்கள் கணக்கில் தனித்தனி மதிப்பு உண்டு. நீங்கள் எண்ணுவது அதோடு போட்டி போட இல்லை. எந்த நேரத்தில் யார் கடக்கிறார்கள் என்பது அவர்கள் பாரத்தில் இருக்காது. காலை எட்டரை மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள், அறுப்புக் காலத்தில் டிராக்டர், வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு. அதை எழுதுங்கள்.

கேட் கீப்பரிடம் டியூட்டியில் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் ஃபோனை எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் தனி எண் வாங்கி எழுதும் நேரத்தில் நீங்கள் குறுக்கே பேசினால் அது விளையாட்டில்லை. ஷிஃப்ட் முடிந்து டீக்கடைக்கு வருவார். அப்போது கேளுங்கள், நிறையச் சொல்வார்.

2. தண்டவாளம் மேட்டில் போகிறதா, தரையோடு போகிறதா?

இந்த ஒரு கேள்வியில் பாதி ஜாதகம் தெரிந்துவிடும். பஸ் போகிற உயரத்துக்குப் பாதை வேண்டும். அதன் மேல் கான்கிரீட் கூரை, கூரைமேல் ஜல்லி, ஜல்லிமேல் ஸ்லீப்பர், அதன்மேல் தண்டவாளம். எல்லாம் சேர்த்தால் தண்டவாள மட்டத்திலிருந்து பாதையின் தரை சுமார் 6 மீட்டர் கீழே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் 4 மீட்டர் கரைமேல் போகிற இடமென்றால் நீங்கள் தோண்டுவது 2 மீட்டர்தான். லைன் வயல் மட்டத்தில் போனால் முழு 6 மீட்டரும் பள்ளம். 30 அடி போனால் 1 அடி இறங்கும் சரிவுக்கு, இருபுறமும் 180 மீட்டர் நீளச் சரிவுப் பாதை தேவை. அதற்கு நிலம் யாருடையது? வீடுகள் இருக்கின்றனவா? நிலம் கிடைக்காவிட்டால் ஒன்று சரிவு செங்குத்தாகும், அல்லது பெட்டியின் உயரம் குறையும். சின்ன உயரத்தில் கட்டுவதற்கென்றே எல்.ஹெச்.எஸ். என்று ஒரு ரகம் இருக்கிறது. கிராமத்து கேட்டுகளில் அதுதான் அதிகம் வருகிறது.

நம்மூர் லைன் எப்படிப் போகிறது என்று போய்ப் பாருங்கள். நான் சொல்ல மாட்டேன்.

3. வேலியைத் தாண்டாதீர்கள்.

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147. அனுமதியில்லாமல் ரயில்வே இடத்தில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய விஷயம், தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, அருகில் நீளமான எதையாவது கொண்டுபோனாலே போதும். செல்ஃபி ஸ்டிக் என்று ஒன்றை நீட்டிக்கொண்டு திரிகிறீர்களே, அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். டிரோனும் வேண்டாம்.

4. நோட்டு வாங்குங்கள். செல்போன் போதாது.

படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். டீக்கடைத் தூண், கோயில் படிக்கட்டு, அரச மரத்து மேடை என்று நகராத ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை அதே பக்கம் பார்த்து எடுத்தால் ஆறு மாதத்தில் அது ஆவணம். சுற்றிச் சுற்றி எடுத்த ஐந்நூறு படத்தில் எது எப்போது என்று உங்களுக்கே தெரியாது.

நோட்டில் தேதி, நேரம், மழையா வெயிலா, என்ன பார்த்தேன். அடுத்து, யார் என்ன சொன்னார். 'மூணு மாசத்துல முடிஞ்சிரும்' என்று மேஸ்திரி சொன்னால், மேஸ்திரி சொன்னார் என்று எழுதுங்கள். மூன்று மாதத்தில் முடியும் என்று எழுதாதீர்கள். பார்த்ததும் கேட்டதும் நோட்டில் கலக்கக் கூடாது. கலந்தால் நாளைக்கு ஆபீசில் ஒருவர் உங்கள் நோட்டைப் புரட்டி, ஒரே ஒரு தப்பைக் காட்டி மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்.

5. எந்த முறையில் கட்டுகிறார்கள் என்று முதல் மாதத்திலேயே கண்டுபிடியுங்கள்.

பெரும்பாலும் இரண்டு முறை. முதலாவது, வெட்டி வைத்து மூடுவது. பெட்டிகளை முன்கூட்டியே வெளியில் வார்த்துக் காயவைத்துவிடுவார்கள். பிறகு ஒரு நாள், சில மணி நேரத்துக்கு ரயிலை நிறுத்தி லைன் பிளாக் வாங்குவார்கள். மேல்கம்பியில் கரண்டை நிறுத்துவார்கள். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, பொக்லைன்கள் இருபுறமும் பாய்ந்து பள்ளம் தோண்டும். அடியில் மட்டம் பார்த்துத் தளக்கட்டை, அதன்மேல் கிரேனில் ஒவ்வொரு பெட்டியாக இறங்கும். பக்கவாட்டில் கல்லும் மணலும் நிரப்பி, மேலே ஜல்லி கொட்டி, தண்டவாளம் மாட்டி, ஜல்லியை இறுக்கி, அதாவது பேக்கிங் செய்து, முதல் ரயிலை நடக்கிற வேகத்தில் விடுவார்கள். ரயில் அதிகம் ஓடாத ஒற்றை லைனுக்கு இது தோது.

இரண்டாவது, பாக்ஸ் புஷிங். சென்னை மாதிரி, ரயிலை நிறுத்தவே முடியாத இடங்களில் இதுதான் வழி. லைனுக்குப் பக்கத்தில் பெரிய குழி தோண்டி, அடியில் கெட்டியான கான்கிரீட் தளம் போடுவார்கள். த்ரஸ்ட் பெட் என்று பெயர். அதில் வரிசையாகக் குழிகள் விட்டிருப்பார்கள், அவற்றில் தடித்த இரும்பு முளைகளைச் செருகுவார்கள். அந்தத் தளத்தின் மேலேயே பெட்டியை வார்த்து, அது முற்றியதும் பின்னால் ஹைட்ராலிக் ஜாக்கிகளை வைத்து, முளைகளை முட்டுக்கொடுத்துத் தள்ளுவார்கள். தீப்பெட்டிக்குள் தட்டைத் தள்ளுவது போல என்று சிறுபிள்ளைகளுக்குச் சொல்லலாம். என்ன, இங்கே உறைக்குள் முழுக்க மண் இருக்கிறது. பெட்டியின் முகப்பில் இரும்பு விளிம்பு மண்ணுக்குள் கடிக்கும். உள்ளே ஆட்கள் நின்று மண்ணைச் சரித்துச் சரித்து வெட்டி எடுப்பார்கள். ஜாக்கி சாண் கணக்கில்தான் நீளும். நீண்டதும் சுருக்கி, இடைவெளியில் கட்டை கொடுத்து, மறுபடியும் தள்ளுவார்கள். தலைக்கு மேலே ரயில் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். தண்டவாளம் உள்வாங்காமலிருக்க ரிலீவிங் கர்டர் என்ற இரும்பு உத்தரங்கள் தாங்கும்.

இந்த முறையில் பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, லெவல் கருவியோடு நிற்கும் ஆளை. பெட்டியின் மூக்கு கொஞ்சம் கீழே குத்தினாலோ ஒருபக்கம் விலகினாலோ அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் அடிக்கடி போய்ப் போய்ப் பார்க்க ஆரம்பித்து, ஜாக்கிகளில் ஒருபக்கத்தை மட்டும் இயக்கச் சொன்னார் என்றால், பெட்டி கோணுகிறது, நிமிர்த்துகிறார்கள் என்று அர்த்தம். பதறாதீர்கள். வேலையே அதுதான்.

6. பெட்டி வார்க்கும் இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

வெட்டி மூடும் முறையில் பெட்டிகளைக் கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் ரயில்வே இடத்திலேயே வார்ப்பார்கள். வேலிக்கு வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும். கம்பி கட்டும்போது கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சின்னச் சின்ன சிமெண்ட் கட்டைகள் வைக்கிறார்களா என்று பாருங்கள். கவர் பிளாக் என்பார்கள். அது இல்லாமல் வார்த்தால் கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும், சில வருடத்தில் துருப்பிடித்து கான்கிரீட் உரிந்து விழும்.

பலகை பிரித்ததும் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் பெயின்டில் பெட்டி எண்ணும் வார்த்த தேதியும் எழுதுவார்கள். சிவப்பில் எழுதினால் தூரத்திலிருந்தே படிக்கலாம். அந்தத் தேதிகளை வரிசையாக நோட்டில் இறக்குங்கள். கான்கிரீட்டின் பலத்தை 28 நாளில் சோதிப்பது வழக்கம். வார்க்கும் அன்றே 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் கொஞ்சம் எடுத்துவைப்பார்கள். அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் அழுத்தி உடைத்துப் பார்ப்பார்கள். வார்த்த பெட்டிக்கு ஈரச்சாக்கு போர்த்தியிருக்கிறார்களா, சாக்கு நனைந்திருக்கிறதா, மத்தியானம் வெயிலில் காய்ந்து வெள்ளையாகிக் கிடக்கிறதா என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றும் ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறானா? இதைப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம். தினம் அந்த வழியே போகிறவர்கள் போதும். மாதம் இருமுறை ஜீப்பில் வரும் அதிகாரிக்கு இது தெரிய வழியில்லை.

சைட் இன்ஜினியரிடம் 'சாக்கு காஞ்சு கிடக்கு சார்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டுப் பிறகு சொல்லாதீர்கள்.

7. பிளாக் அன்று.

முன்னதாகவே தூங்கிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் ரயில் குறைவான நேரம் பார்த்துத்தான் பிளாக் கொடுப்பார்கள், அது எப்போது தொடங்கும் என்பதும் கடைசி நிமிடத்தில் மாறும். தள்ளி நில்லுங்கள், கிரேன் சுழலும் வட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள், விசில் அடித்து விளையாடாதீர்கள். அங்கே விசிலுக்கு அர்த்தம் உண்டு. தண்டவாளம் தூக்கிய நேரம், முதல் பெட்டி இறங்கிய நேரம், கடைசிப் பெட்டி, ஜல்லி, முதல் ரயில். இந்த ஐந்து நேரங்களைக் குறித்துக்கொண்டால் போதும். மற்றதை ரசியுங்கள். டிராக்மேன்களுக்கு மோர் கொண்டுபோனால் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

8. வேகப் பலகையைப் பாருங்கள்.

வேலை நடக்கிற இடத்துக்கு முன்னால் மஞ்சள் பலகையில் வேக எண் எழுதி நட்டிருப்பார்கள். ரயில் ஓட்டுநரிடமும் காஷன் ஆர்டர் என்று தாளில் கொடுத்திருப்பார்கள். பெட்டி வைத்த புதிதில் 20 என்று இருக்கும். மண் இறுக இறுக, மேலே பேக்கிங் செய்யச் செய்ய, எண் ஏறும். ஒருநாள் பலகையே இருக்காது. லைன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். பிளாட்ஃபாரத்தில் நின்றே பல நேரம் இதைப் பார்த்துவிடலாம். ரயில்வே தன் வேலையின் முன்னேற்றத்தைத் தானே எழுதி நட்டுவைக்கிறது. படிக்க ஆள்தான் இல்லை.

9. பெட்டி போனதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

இங்கேதான் கூட்டம் கலையும், இங்கேதான் காலமும் ஓடும். லைனுக்கு அடியிலுள்ள பகுதியை ரயில்வே கட்டும். பல இடங்களில் இருபுறச் சரிவுப் பாதை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. நடுவில் நில எடுப்பு, இழப்பீடு, வழக்கு, குடிநீர்க் குழாயை மாற்றுவது, மின்கம்பத்தை நகர்த்துவது. குரோம்பேட்டை ராதா நகர் சப்வே பத்தாண்டுக்கும் மேலாக இழுத்ததைச் சென்னைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபுறமும் மண்ணுக்குள் புதைந்தபடி வாய் திறக்காத பெட்டி கிடக்கும் ஊர்கள் இன்னும் உண்டு.

பணம் வருகிறதா என்று பார்க்க, மத்திய பட்ஜெட்டோடு வெளியாகும் ரயில்வேயின் பிங்க் புக்கைத் தேடுங்கள். வேலையின் பெயர், மொத்த மதிப்பீடு, அந்த ஆண்டு ஒதுக்கியது எல்லாம் இருக்கும். சில வேலைகளுக்கு எதிரே வெறும் ஆயிரம் ரூபாய் போட்டிருக்கும். திட்டம் சாகவில்லை, ஆனால் இந்த வருஷம் நடக்காது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த வருஷம் சைட் இன்ஜினியரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

10. தண்ணீர்.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். முதலில் ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் மழை 1,000 சதுர மீட்டரில் பெய்தால் 10,000 லிட்டர். இருபுறமும் 180 மீட்டர் சரிவு, 6 மீட்டர் அகலம் என்றால் மொத்தம் 2,160 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரு ராத்திரி 5 சென்டிமீட்டர் பெய்தால் 1,08,000 லிட்டர் அந்தப் பள்ளத்தின் அடியில் வந்து நிற்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்பது. கவனியுங்கள், இது சரிவில் நேராக விழுந்த மழை மட்டும். பக்கத்துத் தெருவிலிருந்து வழிந்து வருவது, வயலிலிருந்து ஊறுவது கணக்கில் இல்லை. நொடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டார் நிற்காமல் ஓடினாலும் மூன்று மணி நேரம்.

ஆகையால் பார்க்க வேண்டியவை. சரிவு தொடங்கும் இடத்தில் சாலை கொஞ்சம் மேடாக எழும்பிப் பிறகு இறங்குகிறதா? அந்தச் சின்ன மேடுதான் தெருத் தண்ணீரை வெளியே நிறுத்தும். அது இல்லாவிட்டால் தெருவே கால்வாய். சரிவின் குறுக்கே கம்பிச் சட்டம் போட்ட வடிகால் இருக்கிறதா? மேலே கூரை போடுகிறார்களா? சில ஊர்களில் சரிவு முழுக்கத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். நேராக விழும் மழையில் பெரும்பங்கு அதிலேயே நின்றுவிடும். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையேயான இணைப்பில் கசிவு இருக்கிறதா? கோடையிலேயே அங்கே பச்சைப் பாசி படிந்திருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, நிலத்தடி நீர். நம் டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் விட்டதும் நிலத்தடி நீர் ஏறும். வானம் வெளுத்திருந்தாலும் சப்வேயில் தண்ணீர் நிற்கும்.

பிறகு சம்ப். தண்ணீர் சேரும் தொட்டி எங்கே, எவ்வளவு பெரியது, அதிலிருந்து குழாய் எங்கே போகிறது? குழாய் போய்ச் சேரும் வாய்க்கால் மழைக்காலத்தில் ஏற்கெனவே நிறைந்திருந்தால் மோட்டார் இறைத்த தண்ணீர் திரும்பி வரும். இதை இன்ஜினியரைவிட அந்த வாய்க்காலில் மாடு குளிப்பாட்டுகிறவர் நன்றாகச் சொல்வார். மோட்டாரின் ஸ்விட்ச் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது? சப்வேக்கு உள்ளேயே, இடுப்பு உயரத்தில் போர்டு மாட்டியிருந்த இடத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. தண்ணீர் வந்தால் முதலில் முழுகுவது போர்டு, அப்புறம் எங்கே மோட்டார் ஓடுவது? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, டீசல் யார் போடுவது?

வயதான பெண்களைக் கேளுங்கள், வெள்ளம் எதுவரை வந்தது என்று. 'அந்த வருஷம் பெரிய மழையில பிள்ளையார் கோயில் மூணாம் படி வரைக்கும்' என்பார்கள். அந்தப் படியிலிருந்து சப்வே வாசல் வரை ரசமட்டக் குழாய் பிடித்து மட்டம் பார்த்தால், சப்வே எத்தனை அடி முழுகும் என்று வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். கொத்தனாரிடம் கேட்டால் குழாய் கொடுப்பார்.

சென்னையில் கணேசபுரம் சப்வே, கோயம்புத்தூரில் லங்கா கார்னர் இவையெல்லாம் மழைக்காலச் செய்தியில் தவறாமல் வரும் பெயர்கள். அங்கே ஊரே பார்க்கும், போலீஸ் தடுப்பு வைக்கும். ஆள் நடமாட்டமில்லாத கிராமத்து சப்வேதான் ஆபத்து. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் மழைநீர் நிறைந்த ரயில்வே சப்வேக்குள் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துபோனார். இருட்டில் தண்ணீரின் ஆழம் தெரியாது. தார் ரோடும் தண்ணீரும் ஒரே நிறமாகத்தான் தெரியும். சுவரில் அடிக்கணக்குப் போட்டுச் சிவப்பு வெள்ளைக் கோடுகள், வாசலில் விளக்கு, தண்ணீர் ஏறினால் மூடும் தடுப்பு. இவை மூன்றும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் இருக்கும்வரை கேளுங்கள்.

11. உயரமும் அகலமும்.

சப்வே வாசலில் இருபுறமும் இரும்புக் குறுக்குச் சட்டம் நடுவார்கள். அதைவிட உயரமான வண்டி பெட்டியில் மோதாமல் முன்னாலேயே நிற்க. அந்தச் சட்டத்தின் உயரத்தைக் கேட்டு, ஊரில் என்னென்ன அதன் கீழ் போக வேண்டும் என்று பட்டியல் போடுங்கள்: நெல் அறுக்கும் மெஷின், வைக்கோல் ஏற்றிய லாரி, கரும்பு டிராக்டர், மினி பஸ், 108 ஆம்புலன்ஸ், மாரியம்மன் சப்பரம். சப்பரத்தை யாரும் நினைக்க மாட்டார்கள், திருவிழா அன்றுதான் நினைப்பார்கள். கலசத்தைக் கழற்றிக்கொண்டு போன ஊர் எனக்குத் தெரியும். அறுப்பு மெஷின் போகாவிட்டால் எத்தனை கிலோமீட்டர் சுற்ற வேண்டும், அதற்கு மணிக்கு எவ்வளவு வாடகை கூடும் என்று விவசாயிகளிடம் கேட்டு எழுதினால், அது மனு எழுதும்போது நூறு வார்த்தைக்குச் சமம்.

12. தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள், ஆனால் கேட்கத் தெரிந்து கேளுங்கள்.

கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். ரயில்வே பகுதிக்கு மத்திய அரசின் தகவல் அலுவலருக்கும், சரிவுப் பாதைக்கு மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும் தனித்தனியாக. ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்பதற்கு அவர்கள் விளக்கம் எழுதக் கடமைப்பட்டவர்கள் இல்லை. காகிதத்தைக் கேளுங்கள்: வரைபட நகல், ஒப்பந்தத்தில் வேலை முடிக்க வேண்டிய தேதி, நீட்டிப்புக் கொடுத்த உத்தரவு, கனசதுரச் சோதனைப் பதிவு, மோட்டாரின் திறன். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆவது பிரிவு, நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும் உரிமை தருகிறது. பலருக்குத் தெரியாது. அப்படி அனுமதியோடு ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது, வேலி மேலே ஏறி நூறு முறை எட்டிப் பார்ப்பதைவிட மேல்.

13. சப்வே வேண்டாம் என்பவர்களிடமும் போய் உட்காருங்கள்.

சப்வே திறந்ததும் கேட்டை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். இதற்கு மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். ஊரில் எதிர்ப்பு இருந்தால் அங்கேதான் சிக்கும். முழங்கால் வலியோடு கீரைக்கூடை தூக்கிப் போகும் அம்மாவுக்கு, தரையோடு தாண்டிய இடத்தில் இப்போது இறங்கி ஏற வேண்டும். கேட்டடி டீக்கடைக்காரருக்குப் பிழைப்புப் போகும். ராத்திரி தனியாக வரும் பெண்களுக்கு உள்ளே விளக்கு எரிகிறதா என்ற பயம். இவர்களை வளர்ச்சி தெரியாதவர்கள் என்று பேசாதீர்கள். அவர்கள் சொல்வதில்தான் படிக்கட்டும் கைப்பிடியும் விளக்கும் இருக்கின்றன.

அதே சமயம் கேட் ஏன் போக வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அகல ரயில் பாதையில் ஆளில்லா கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரிக்குள் ஒழிந்தன. ஆனால் ஆளிருக்கும் கேட்டும் ஆளை நம்பித்தான் இருக்கிறது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், சிக்னலோடு இணைக்கப்படாத கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். நான் சப்வே வேண்டும் என்ற பக்கம்தான். அதனால்தான் கீரைக்கூடை அம்மாவின் பேச்சைக் கேட்கச் சொல்கிறேன்.

14. திறப்பு விழாவுக்கு முன்வரிசையில் இடம் பிடிக்காதீர்கள்.

அன்று பார்க்க ஒன்றுமில்லை. சால்வை, ரிப்பன், மைக். முதல் பெருமழைக்குக் குடையோடு போங்கள். மழை தொடங்கிய நேரம், சம்ப் நிறைந்த நேரம், மோட்டார் தானாக ஓடியதா அல்லது யாராவது வந்து போட்டார்களா, சுவர்க் கோட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது, மழை நின்று எத்தனை நேரத்தில் வடிந்தது. மறுநாள் வெளிச்சத்தில் இணைப்புகளையும் தடுப்புச் சுவரின் கசிவுத் துளைகளையும் பாருங்கள். துளையில் தெளிந்த நீர் வந்தால் பரவாயில்லை. மண்ணோடு கலங்கி வந்தால் பின்னால் கரை கரைகிறது. உடனே எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியாக, மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், அவர் வீட்டையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, ரயில்வேயா என்று மூவரும் கை காட்டும் ராத்திரி ஒன்று கட்டாயம் வரும். அந்த ஆள் மாறினால் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதுங்கள். வருஷம் ஒருமுறை, புரட்டாசி பிறக்கும் முன் போய்ச் சரிபாருங்கள்.